எட்டு மணி நேரம் பின்தங்கிய கணினி

"அப்பா வேணும்னேதான் என்னை அழிச்சாரா? அது மட்டும் தெரிஞ்சா போதும் சார்" என்றபடி லேப்டாப்பை மேசைமேல் வைத்தாள் யூ-வென். தைனான் நகரில் துப்பறிவாளர் காவ் என்பவரின் அறைக்குப் பிற்பகல் இரண்டு மணிக்குத் தாயுடன் வந்திருந்தாள். தாய் பையை மடியில் இறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

யூ-வெனின் தந்தை ஓய்வுபெற்ற தபால்காரர். கணினியை இயக்க இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள் வகைகளை, பழைய கோப்புகள் அழியாமல் மாதம் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதே அவர் பைத்தியம். மகளின் சிறுவயதுப் பாட்டுகளையெல்லாம் அதே கணினியில்தான் வைத்திருந்தார். மூன்று வருடம் முன்பு அவர் பேச்சை மீறி அவள் ஒசாகாவுக்குப் போனாள்; அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. போன மாதம் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது. இப்போது கணினியில் ஒரு புத்தம்புது லினக்ஸைத் தவிர ஒன்றுமில்லை.

"அதைப் போட்ட நேரம் பதிவாயிருக்கு. விடியக்காலை ரெண்டு மணி. அன்னிக்குக் காலை அஞ்சு மணிக்குத்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. திரும்பவே இல்லை" என்றாள் யூ-வென்.

"இதுல துப்பறிய என்ன சார் இருக்கு?" என்று காவின் காதில் கிசுகிசுத்தாள் உதவியாளர் பெய்-ஷான். "போற போக்குல மனுஷன் துடைச்சுப் போட்டுட்டாரு!"

காவ் கணினியைத் திறந்தார். மூலையில் காலை 6:10. சுவர்க் கடிகாரத்தில் மதியம் 2:10.

"உள்ள இருக்கற பேட்டரி செத்துப்போச்சு" என்றாள் பெய்-ஷான்.

"செத்திருந்தா வருஷமே தப்பா காட்டும். இது கச்சிதமா எட்டு மணி நேரம் பின்னால நிக்குது. புதுசா போடும்போது எந்த ஊருன்னு கேட்கும். சொல்லலைன்னா கிரீன்விச் நேரத்தையே பிடிச்சுக்கும். அது நம்ம ஊருக்கு எட்டு மணி நேரம் பின்னால."

"ஐயையோ! அப்ப அந்த ரெண்டு மணி..." பெய்-ஷான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நம்ம ஊர்ல காலை பத்து. அப்ப அவர் ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தாரு. மாசம் ஒண்ணு போடறவர் ஊரைச் சொல்ல மறப்பாரா? கேட்டதுக்கெல்லாம் 'சரி'ன்னு அமுக்கினது பழக்கமில்லாத கை." காவ் தாயின் பக்கம் மெல்லத் திரும்பினார். "அந்த நேரம் வீட்டுல யாரும்மா இருந்தது?"

பை மடியிலிருந்து நழுவி விழுந்தது.

"துணி எடுக்க வந்தேன்" என்றாள் தாய். "அப்படியே கம்ப்யூட்டரையும் கொண்டு வரச் சொன்னாரு. எடுக்கறதுக்கு முன்னாடி போட்டுப் பார்த்தேன், அது கிளம்பவே இல்ல. அவர் செய்யறாப்பல மேசைமேல கிடந்த பென்டிரைவைச் சொருகினேன். என்னென்னமோ கேட்டுது, எல்லாத்துக்கும் 'சரி' அமுக்கினேன். எல்லாம் போச்சு. எந்த வாயால உங்கிட்ட சொல்லுவேன்?"

"அந்த நிலைமையில அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் எதுக்கும்மா?" என்றாள் யூ-வென்.

"நீ ஏழு வயசுல பாடின படகுப் பாட்டைக் கேக்கணும்னாரு. மூச்சு நிக்கற வரைக்கும், கொண்டு வந்தியா, கொண்டு வந்தியான்னு கேட்டாரு."

யூ-வென் தாயின் தோளில் முகம் புதைத்து அழுதாள்.

"அந்தப் பாட்டை மீட்க முடியுமான்னு தெரியலை" என்றார் காவ்.

"நான் கேட்டு வந்தது கிடைச்சிருச்சு சார்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாம்மா, அப்பா சமாதிக்குப் போவோம். நானே பாடறேன்."