கன்னையாவின் நெஞ்சில் கோமாதா

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு படுத்திருந்த கன்னையாவுக்கு, ஜன்னலெல்லாம் அடைத்திருந்தும், அறைக்குள்ளேயே எங்கோ ஒரு புறா விடாமல் முனகுவது கேட்டது. கட்டிலுக்கடியில் பார்த்தார். பரணில் பார்த்தார். மூச்சை அடக்கினால் சத்தம் இன்னும் தெளிவாக வந்தது.

புத்தலப்பட்டு ரோட்டில் 'கோமாதா நகர்' என்று மனை பிரித்து விற்பவர் அவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், கெட்டுப்போன இதய வால்வை எடுத்துவிட்டு, மாட்டுச் சவ்வில் தைத்த வால்வை வைத்தார்கள். அதையே முதலாக்கி அவர் வியாபாரத்தில் இறங்கினார். "என் நெஞ்சுல கோமாதா உக்காந்துக்கினு இருக்கா. நான் பொய் சொல்லுவேனா?" என்று மார்பைத் தட்டுவார், தட்டிய கையோடு ஏரிப் புறம்போக்கையும் விற்றுவிடுவார். "இது நாளாவட்டத்துல கெட்டுப்போவும், வருஷா வருஷம் ஸ்கேன் பாருங்க" என்று டாக்டர் சொன்னதும், "போனியா நைனா?" என்று அமெரிக்காவிலிருந்து மகன் சுனில் போனில் கத்தியதும் காதில் ஏறவில்லை. கோமாதா கெட்டுப்போவாளா? கெட்டுப்போனால் மனை விலை என்ன ஆவது?

உள்ளங்கையை மார்பில் வைத்தார். விரலுக்கடியில், கிழிந்த துணி காற்றில் அடிப்பதுபோல் ஏதோ படபடத்தது. முனகல் அங்கிருந்துதான் வந்தது.

காப்பியோடு வந்த மனைவி தாட்சாயணி குனிந்து அவர் சட்டையில் காதை வைத்தாள். டம்ளர் நழுவியது.

"ஏங்க... கோமாதா அம்மா பேசறா!"

"காரை எடுக்கச் சொல்லுடி. திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"அம்மா வந்துக்கிற நேரத்துல ஆஸ்பத்திரியா? இன்னா பேச்சு இது!"

தெருவுக்கு ஓடினாள். சாயங்காலத்துக்குள் ஹாலில் கற்பூரப் புகை, மல்லிகை, வியர்வை. எழுந்த அவரைப் பல கைகள் சோபாவில் அழுத்தின. ஒவ்வொரு காதாக மார்பில் பதிந்தது. ஈரக் கூந்தல், குத்தும் கம்மல், வெற்றிலை மூச்சு.

"என் மனையில போர் போட்டா தண்ணி வருமானு சொல்லு தாயே."

படுத்தால் மூச்சு நின்றது. உட்கார்ந்தால் பாதி வந்தது. வேறு வழியில்லாமல், வாழ்நாளில் முதல்முறையாக, உண்மையைச் சொன்னார்.

"வால்வு கிழிஞ்சிடுச்சி... அது வெறும் மாட்டுத் தோலு... விடுங்கடா..."

ஏரி மனையை வாங்கிய மைக்செட் சம்பத் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பாத்தீங்களா, அம்மாவுக்கு எவ்ளோ அடக்கம்!"

"கோவிந்தா!"

சம்பத் மைக்கை அவர் மார்பில் வைத்து அழுத்தினான். வாசல் ஸ்பீக்கரில் அவர் நெஞ்சு தெருவெல்லாம் முனகியது. நுரையீரலில் தண்ணீர் ஏறியது. களகளவென்று. கத்த வாய் திறந்தார். இளஞ்சிவப்பு நுரை வந்தது.

முனகல் தடுக்கியது. விட்டு விட்டு வந்தது. நின்றது.

"யாரும் பேசாதீங்க. அம்மா யோசிக்கிறா." சம்பத் சத்தத்தைக் கூட்டினான். ஸ்பீக்கரில் வெறும் இரைச்சல்.

இருட்டிக்கொண்டு வந்த கண்ணுக்குக் கடைசியாகத் தெரிந்தது தாட்சாயணியின் முகம். அவள் அவர் தாடையை மெல்ல நிமிர்த்திப் பிடித்தாள். நுரை வழிந்தது. கீழே, இடது கைமேல் வலது கையைக் குழித்து, தீர்த்தத்துக்கு நீட்டியபடி முதல் ஆள். அவன் பின்னால் வாசல்வரை வரிசை.