கீரிக்கும் சந்தேகம் வந்த கார்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் தோட்டத்து முனியாண்டி சாமி மீதும், என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மீதும் சத்தியம். ஒரு சொல் பொய்யானாலும் அந்தப் பற்கள் விழட்டும். இரண்டு ஏற்கெனவே ஆடுகின்றன. அது வேறு விஷயம்.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் இந்திரகுமார் என்று ஒருவர் இருக்கிறார். அவரிடம் என்னைவிட அதிகமாக இருமும் பழைய ஜப்பான் கார் ஒன்று உண்டு.

“இன்ஜெக்டர் நாலும் போச்சு,” என்றார் ஒரு நாள்.

இன்ஜெக்டர் என்பது இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தூறலாகத் தெளிக்கும் சின்ன மூக்கு. மாவனல்லை டவுனில் கார்ச் சாமான் கடை வைத்திருக்கும் ஜஸீல் நானாவிடம் நான்கு புது மூக்குகள் வாங்கி வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். தானே கழற்றித் தானே பூட்டினார். யாரையும் பக்கத்தில் விடவில்லை.

முதல் நாள் கார் பறந்தது. மேட்டில் ஏறியபோது அதன் நிழல் பின்தங்கிவிட்டது. கோயிலடியில் காரை நிறுத்தி, நிழல் வந்து சேரும்வரை காத்திருந்தோம். நான் பின் சீட்டில்தான் இருந்தேன்.

கொஞ்ச நாளில் கார் சீறத் தொடங்கியது.

“ஸ்ஸ்ஸ்ஸ்!”

சத்தம் கேட்டு ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து ஒரு கீரி ஓடி வந்தது. காரைச் சுற்றிச் சுற்றித் தேடியது. பாம்பு இல்லை. எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டுப் போனது.

லயத்தில் பக்கத்துக் காம்பரா அறையில் இருக்கும் மருதாயி அக்கா குனிந்து பார்த்தார். அவருடைய தலைத்துண்டில் பாதியை இன்ஜின் உறிஞ்சிக்கொண்டது.

“அடேய் குமாரு, இது காரா, பூதமாடா?”

“கார் மேல குத்தம் இல்லக்கா. அந்த ஜஸீல் நானா ஏமாத்திட்டாரு. பழைய இன்ஜெக்டரக் கழுவி, புதுசுன்னு குடுத்திருக்காரு!”

“எனக்கு அப்பவே தெரியும். அவரு சிரிப்பே சரியில்ல.”

“நீங்க அவரப் பாத்ததே இல்லையே?”

“பாக்காமலே தெரியும்!”

இதையெல்லாம் இந்திரகுமாரின் அண்ணன் மகள் தர்மிளா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஐந்தாம் வகுப்பு. ஜஸீலின் மகள் றம்ஸியாவும் அவளும் வகுப்பில் ஒரே வாங்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள்.

“இனிமே அந்தப் புள்ளகூட நீ பேசக்கூடாது,” என்றார் இந்திரகுமார்.

“அவ என்ன செஞ்சா சித்தப்பா? இன்ஜெக்டர அவளா வித்தா?”

“பேசக்கூடாதுன்னா பேசக்கூடாது. இப்பவே மாவனல்லைக்குப் போறேன். கடைத்தெருவே கேக்கப் போவுது!”

அவர் சட்டை மாற்றிக்கொண்டு வருவதற்குள் தர்மிளா காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும்தான்.

வழியெல்லாம் கார் சீறியது. கண்டி வீதியில் ஒரு பஸ் பயந்துபோய் எங்களுக்கு வழிவிட்டது. பஸ் வழிவிட்டதை நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் நான்தான் சத்தியம் செய்திருக்கிறேனே.

கடை வாசலில் சண்டை தொடங்கியது.

“நானா, கள்ளச் சாமான் தந்துட்டீங்க!”

“ஒங்க முன்னுக்குத்தானே தம்பி பெட்டி ஒடச்சேன்!” என்றார் ஜஸீல். “நீங்கதான் டேங்குல மண்ணெண்ணெய் கலந்தீக்கிறீங்க போல.”

சத்தம் கேட்டு றம்ஸியா வெளியே வந்தாள்.

“எங்க வாப்பா யாரையும் ஏமாத்த மாட்டாங்க,” என்றாள்.

“எங்க சித்தப்பாவும் மண்ணெண்ணெய் ஊத்த மாட்டாரு,” என்றாள் தர்மிளா.

இருவரும் அந்தக் கீரியைப் போலவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்மிளாவுக்கு அது பிடிக்கவில்லை.

“ரெண்டு பேரும் நல்லவங்கன்னா, வேற ஏதோ பிழை. வா, பாப்போம்.”

பொனட் திறந்திருந்தது. இன்ஜின் ஆறியிருந்தது. காற்று வரும் குழாய் இன்ஜினோடு சேரும் இடத்தில், இடுக்கு வழியே காற்று புகாமல் தடுக்க கேஸ்கட் என்ற மெல்லிய தகடு இருக்க வேண்டும். அங்கே பழுப்பு நிறத்தில் ஏதோ பிசின் போல வழிந்துகொண்டிருந்தது.

தர்மிளா விரலால் தொட்டாள். அது நூலாக நீண்டது. முகர்ந்தாள். பெட்ரோல் வாசம். அதற்கும் அடியில் புகை வாசம்.

அந்தப் புகையை அவளுக்குத் தெரியும். அவள் அம்மா ரப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கும் இடத்தில் வேலை செய்கிறார். தினமும் மாலையில் அம்மாவின் சேலையில் வரும் வாசம் அது.

தர்மிளா திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் திடீரென்று கடைக் கூரையில் ஓடுகளை எண்ணத் தொடங்கினார்.

அவள் கத்தவில்லை.

“மாமா, ரப்பர் ஷீட்டுல பெட்ரோல் பட்டா என்னாவும்?” என்று ஜஸீலைக் கேட்டாள்.

“ஊதிப் பிசினாப் போவும் மகள். டியூப் ஒட்டுற பசையே அப்பிடித்தான் செய்றது. ஏன்?”

“சும்மாதான்.”

சித்தப்பாவின் அருகில் போய் மெதுவாகக் கேட்டாள்: “கேஸ்கட்ட நீங்களா வெட்டினீங்க?”

“இன்ஜெக்டரக் கழட்டையில பழசு கிழிஞ்சிருச்சு. ரப்பர் தோட்டத்துல இருந்துக்கிட்டு, அதுக்கும் கடைக்குப் போறதா? ஊரே சிரிக்காதா?” என்று அவரும் கிசுகிசுத்தார்.

தர்மிளா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சத்தமாகச் சொன்னாள்:

“மாமா, இன்ஜெக்டர் நல்லாத்தான் இருக்கு. எவனோ ஒரு கள்ளன் எங்க கேஸ்கட்டத் திருடிட்டு, ரப்பர் ஷீட்ட வெட்டி வச்சிட்டான்.”

ஜஸீல் குனிந்து பிசினை இழுத்துப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக இந்திரகுமாரை வெகுநேரம் பார்த்தார்.

“கள்ளன் நல்ல அளவா வெட்டீக்கிறான். ஆள் பிடிபட்டானா தம்பி?”

“பிடிபட்டுட்டான் நானா,” என்றார் இந்திரகுமார். குரல் உள்ளே போய்விட்டது. “நான் கத்தினத மனசுல வச்சுக்காதீங்க.”

“ஹரி, ஹரி, பரவாயில்ல. நானும்தானே மண்ணெண்ணெய்னு சொன்னேன். றம்ஸியா, உள்ளுக்கீந்து ஒரு கேஸ்கட் கொண்டு வாங்க மகள்.”

சுரண்டி எடுத்த பிசின், மாவனல்லையிலுள்ள எல்லாச் சைக்கிள்களுக்கும் ஒட்டுப்போடப் போதுமாக இருந்தது. புதுக் கேஸ்கட்டைப் பூட்டியதும் சீறல் நின்றது. இன்ஜின் ஓடுவதே கேட்காமல், இந்திரகுமார் மறுபடியும் ஸ்டார்ட் பண்ணப் போய்விட்டார்.

இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினோம்.

“சித்தப்பா, இனி இவகூடப் பேசலாமா?”

“பேசு, பேசு. அந்தக் கள்ளனப் பத்தி மட்டும் பேசாதீங்க.”

அவர்கள் வேறெதைப் பற்றியும் பேசவில்லை. சிரித்துச் சிரித்துக் காரே குலுங்கியது. றம்ஸியாவை இறக்கிவிட்டு, இருட்டுவதற்கு முன் காரை லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினோம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: எங்கள் லயத்துக்குக் கார் ஏறும் பாதை இன்னும் வெட்டப்படவில்லை.