நாற்பத்தோராவது கிலோமீட்டர்

காலை ஆறு மணிக்கெல்லாம் லாரிகள் வழி வாங்குவதற்காகக் கொட்டகை வாசலில் வரிசை கட்டி நின்றன. ஜெபக்கனி ஒவ்வொரு வண்டியிலும் ஏறி, அந்த ஆண்டின் வழித்தடத்தை அதன் கணினியில் ஏற்றி, ஓட்டுநர் கையில் இரண்டு பச்சை மிளகாயும் கொடுத்து அனுப்பினாள். மிளகாய் கொடுக்கும் வழக்கம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. நாற்பத்தோராவது கிலோமீட்டரில் அதைக் கடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஊரின் தடங்களைக் கவனிக்கும் வழிக்குழுவின் உத்தரவு. அந்த இடத்தில் ஓட்டுநர்களுக்குத் தூக்கம் வருகிறதாம்.

உடன்குடிக்கு மேற்கே சாலை என்ற ஒன்று இல்லாமற்போய் நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஒவ்வொரு மழையும் தேரி எனப்படும் செம்மணல் மேடுகளைப் புதிதாக வெட்டிப்போட்டது. மழை ஓய்ந்ததும் பந்தய டிரக்குகள் அதற்குள் இறங்கும். எந்த வண்டி குலுங்காமல் விரைந்து கடக்கிறதோ, அதன் தடமே அந்த ஆண்டுக்கு ஊரின் சாலை. டிரக்கின் அடியிலுள்ள நிலமானி, தான் ஏறி இறங்குவதைக் கொண்டே மேட்டையும் பள்ளத்தையும் அளந்து பதியும். பின்னால் போகும் லாரிகள் அந்தப் பதிவைப் படித்துத் தங்கள் வேகத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும். மனிதனுக்கு மிச்சமிருப்பது பிரேக் ஒன்றுதான்.

இந்த ஆண்டு வென்றது ஜெபக்கனி சீரமைத்த டிரக். முழங்கை நீளத்துக்கு ஏறி இறங்கும் அதிர்வடக்கிகளை அவளே வடித்துப் பொருத்தியிருந்தாள். ஆனால் சக்கரம் அவ்வளவு தூரம் எழுந்து விழுந்ததில், அச்சில் பூட்டியிருந்த நிலமானியின் கம்பி மூன்று முறை அறுந்தது. பந்தயத்துக்கு முந்திய நாள் அதைக் கழற்றி, ஸ்பிரிங்குக்கு மேலே சேசிஸில் பூட்டினாள். இரண்டு போல்ட்டு, பத்து நிமிட வேலை. வண்டியின் அடியில் இருக்க வேண்டும் என்றுதான் விதி சொன்னது. எந்த இடத்தில் என்று சொல்லவில்லை.

பந்தயத்தில் சக்கரங்கள் பள்ளத்தில் விழுந்து எழுந்தன. மேலே சேசிஸ் அசையவே இல்லை. அசையாததையெல்லாம் நிலமானி சமதரை என்று எழுதிக்கொண்டது. தண்ணீர்மேல் போனது போலிருந்தது என்று ஓட்டுநர் இசக்கியப்பன் இறங்கியதும் ஊரே கேட்கச் சொன்னான். அன்று மாலை பதிவைப் பார்த்தாள். நாற்பத்தோராவது கிலோமீட்டரில் முழங்காலளவு ஓடை ஒன்று இருப்பதை அவள் நடந்தே கண்டிருக்கிறாள். பதிவிலோ அங்கே கோடு நேராக ஓடியது. நடந்தது என்னவென்று அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. வெளியே மாலையும் மேளமும் காத்திருந்தன. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாளும் அப்படியே நினைத்தாள்.

நான்காம் நாள், முத்துமாலையின் லாரி குடிநீரும் பழைய இரும்புக் கமான் பட்டைகளுமாகப் பாரமேற்றி, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஓடையில் விழுந்து புரண்டது. கூடவே போயிருந்த அவர் மனைவி சந்தனக்கனிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. வழிக்குழு ஊரில் உட்கார்ந்தபடியே பதிவை ஓட்டிப் பார்த்தது. தரை சமம், பள்ளம் இருந்தால் அது கவிழ்ந்த லாரி பறித்ததாகத்தான் இருக்கும், ஆகவே ஓட்டுநர் தூங்கியிருக்கிறார் என்று முடிவு கட்டி, அவருடைய ஓட்டுநர் இருக்கையைப் பறித்தது.

இன்றைய வரிசையில் ஐந்தாவதாக நின்ற ஓட்டுநர் குனிந்து, மெதுவாகக் கேட்டான்.

"இன்னொரு மொளகா தாங்கக்கா. ரெண்டு பத்தல. நேத்தும் அந்த எடத்துல வண்டி தூக்கிப் போட்டுச்சு. கண்ணசந்துட்டேன் போல. குழுவுல சொல்லிராதீங்க."

பாரம் குறைவாக இருந்ததால் அவன் பிழைத்திருக்கிறான். அப்படியானால் எத்தனை பேர் தங்களையே சந்தேகித்துக்கொண்டு, வாய் திறவாமல் மிளகாய் கடிக்கிறார்கள்? ஜெபக்கனி கணினியை அணைத்தாள். இன்றைக்கு வழி இல்லை என்று எல்லாரையும் திருப்பி அனுப்பினாள். வழிக்குழுவுக்கு நான்கு வரியில் உண்மையை எழுதி அனுப்பிவிட்டு, முத்துமாலையின் வீட்டுக்கு நடந்தாள்.

அவர் வாசலில் அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சந்தனக்கனி மூன்று வாரமாகத் தம்மோடு பேசுவதில்லை என்றும், அதில் அவள் தப்பு ஒன்றுமில்லை என்றும் அவராகவே சொன்னார். ஜெபக்கனி உட்காரவில்லை.

"அண்ணாச்சி, அந்த எடத்துல ஓடை இருக்கு. நெலமானிய நான்தான் மேல மாத்திப் பூட்டுனேன். பதிவு பொய். பந்தயத்தன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த கொத்துக் கீரை முழுவதையும் உருவி முடித்தார்.

"அப்போ நான் தூங்கலியா?"

"இல்ல, அண்ணாச்சி."

"ஓடையப் பாத்தேம்மா. கறுப்பாத் தெரிஞ்சுது. பிரேக்ல கால வச்சிட்டேன். திரையில சமதரைன்னு காட்டுச்சு. சரி, நம்ம கண்ணுதான் தப்புன்னு கால எடுத்துட்டேன். தூங்கிட்டன்னு அவங்க சொல்லவும், அந்த ஓடையக் கனவுல கண்டேன்னே நம்பிட்டேன்."

திட்டு வாங்கத்தான் அவள் வந்திருந்தாள். அவர் முகத்தில் படர்ந்த நிம்மதியை அவளால் தாங்க முடியவில்லை. அவரோ எழுந்து, உள்ளே வந்து மனைவியிடமும் இதைச் சொல்லும்படி கெஞ்சினார்.

அதற்குத் தேவையிருக்கவில்லை. கதவு திறந்தேதான் இருந்தது. கட்டிலில் கிடந்த சந்தனக்கனி சுவர்ப்பக்கமிருந்து மெல்ல முகத்தைத் திருப்பினாள். கணவரைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு எங்க வண்டிக்கு நீதான வழி ஏத்துன. பத்திரமாப் போயிட்டு வாங்க மைனின்னு சொன்ன. தெரிஞ்சுதான் சொன்னியா?"

ஜெபக்கனி வாசற்படியிலேயே நின்றாள்.

"தெரிஞ்சுதான் சொன்னேன், மைனி."