எடை கூட்டும் தீவு

சங்குத்திட்டில் படகை விட்டு இறங்கியதும் வடிவு தானாகவே தராசில் ஏறினாள். செருப்பைக் கழற்றினாள், தண்ணீர்ப் புட்டியைக் கவிழ்த்தாள், மூச்சைக்கூட வெளியே விட்டுக்கொண்டாள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் அது ஊறிப்போன பழக்கம். பை பன்னிரண்டு கிலோவைத் தாண்டினால் எந்தத் துறையிலும் படகேற முடியாது.

"செருப்பைப் போடுங்க, புட்டியை ரொப்புங்க," என்றார் தராசுக்குப் பக்கத்தில் நின்ற கஸ்பார். "ஆளும் பையுமாச் சேர்ந்து அறுபத்தேழுதான் வருது. எழுபது இல்லாம பாலத்துல கால் வைக்க விடமாட்டேன்."

"நான் மதிப்பீட்டாளர்."

"அது காத்துக்குத் தெரியுமா, அதிகாரியம்மா?"

அவர் மனைவி பிலோமினா அலமாரியிலிருந்து ஒரு வெண்கலப் பானையை எடுத்து வடிவின் பைக்குள் திணித்தாள். "மூணு கிலோ. இப்ப நடங்க. இந்தத் தீவுல ஒல்லியா இருக்கிறதுல ஒரு பெருமையும் இல்ல."

பாலத்தின் நடுவில் காற்று வந்து மோதியபோது, முதுகில் இருந்த அந்தப் பானைதான் வடிவைப் பிடித்து நிறுத்தியது.

முதுகில் பையோடு ஊர் சுற்றுவது ஒரு காலத்தில் விடுமுறை விளையாட்டாக இருந்தது என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். கடல் கரையோர ஊர்களை எடுத்துக்கொண்ட பிறகு, மூன்று பேரில் ஒருவருக்கு அந்தப் பைதான் வீடு. அவர்களுக்கு முதுகுப்பையர் என்று பேர். ஓரிடத்தில் இருபத்தோரு நாள், பிறகு அடுத்த இடம். எந்த இடம் அவர்களுக்கு உகந்தது என்று பார்த்துச் சொல்வது வடிவின் வேலை.

சங்குத்திட்டு பணக்காரர்கள் பட்டம் பிடித்து அலைமேல் பறக்க வந்த உல்லாசத் தீவு. காற்று முற்றியதும் அவர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள். அங்கே படகோட்டியாக இருந்த கஸ்பாரும் சமையல்காரியாக இருந்த பிலோமினாவும் விடுதியைப் பூட்ட மனமில்லாமல் பையர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இப்போது அதற்கும் கேள்வி வந்துவிட்டது. காற்று மணிக்கு ஐம்பது கிலோமீட்டரைத் தாண்டினால் தீவு தகுதியற்றது. தகுதியற்றது என்றால் காற்றாலைக்குப் போய்விடும். அவர்கள் இரண்டு பேர் கையிலும் ஆளுக்கொரு பையைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

அளப்பதற்கு முத்திரை வைத்த காற்றுமானி ஒன்றை வடிவு கொண்டுவந்திருந்தாள். அதுவும் மூன்று கிலோ. உள்ளே பதிவதைத் தலைமையகத்தில்தான் திறந்து படிப்பார்கள், முகப்பில் அதுவரை அடித்த மிக வேகமான காற்றின் எண் மட்டும் நிற்கும். கருவி தொலைந்துபோனால் மதிப்பீட்டாளரின் கையெழுத்தே போதும் என்று ஒரு பழைய விதி உண்டு. பதினாறு வருட உத்தியோகத்தில் அவள் எதையும் தொலைத்ததில்லை.

முதல் நாளே எண்பத்து மூன்று.

அன்று மாலை விடுதி முற்றத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முப்பது பையர்கள் இருப்பார்கள். ஒருவர் தையல் இயந்திரத்தின் தலையைச் சுமந்துகொண்டு சாப்பிடப் போனார், ஒருத்தி அம்மிக்குழவியைப் பிள்ளைபோல் இடுப்பில் கட்டியிருந்தாள். யாரும் கூனவில்லை. காற்றைத் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் நடந்தார்கள்.

"எங்க போனாலும் கொறை, கொறைங்கிறாங்க," என்றாள் பிலோமினா, மீன் குழம்பை ஊற்றியபடி. "கூட்டு, கூட்டுன்னு சொல்றது இங்க மட்டுந்தான். அதுக்கே பாதிப் பேரு அழுதிருதாங்க."

இரண்டாம் நாள் மத்தியானம் வடிவு படுக்கையில் பானையைத் திருப்பிப் பார்த்தாள். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது: தங்கபுஷ்பம்.

பானையோடு அடுப்படிக்கு ஓடினாள். "இது எங்க கிடைச்சுது?"

"அக்கரைத் தராசுக்கு அடியில. சனங்க எறக்கிவச்சுட்டுப் போறதையெல்லாம் எங்க வீட்டுக்காரரு அள்ளிட்டு வந்திருவாரு. பேரு வெட்டுன பாத்திரத்தைக் கடல்ல தள்ள மனசு வருமா?"

வடிவு வெட்டியிருந்த பேரை விரலால் தடவினாள். "மதிப்பீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அந்தத் தராசுல ஒன்பது வருஷம் நான்தான் எடை பாத்தேன். இந்தப் பானையை எறக்கச் சொன்னது நான்தான். 'எங்கயாவது எடுத்து வைப்பீங்களாம்மா'ன்னு கேட்டாங்க. வைப்போம்னேன். சும்மா சொன்னேன், பிலோமினா."

"சும்மாவா? இந்தா வச்சிருக்கோமே." பிலோமினா கையைத் துடைத்தாள். "அந்தம்மா இருக்காங்களா?"

"கோவில்பட்டி முகாம்ல. இன்னும் பதினோரு நாள் அங்கதான். பட்டியல்ல பாத்தேன்."

"அப்ப கொண்டுபோய்க் குடுங்க."

"என் பையே பன்னெண்டு இருக்கு."

"எதையாவது எறக்குங்க. அந்தம்மா எதை எறக்குறதுன்னு அவங்க பாத்துக்கிடுவாங்க."

மூன்றாம் நாள் உச்சிப் படகு வந்தபோது வடிவு துறையில் பையைப் பிரித்தாள். மாற்றுச் சேலை, மருந்துப் பெட்டி, தட்டு எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுத் திரும்ப வைத்தாள். கடைசியில் காற்றுமானியை எடுத்து, அலமாரியில் பானை இருந்த இடத்தில் வைத்தாள்.

கஸ்பார் அதையும் அவளையும் பார்த்தார். "காத்துமானியைக் காத்து அடிச்சுட்டுப் போயிருச்சுன்னா எழுதப் போறீங்க? ஆபீஸ்ல சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும், அண்ணே. சிரிச்சு நாளாச்சு அவங்களுக்கு."

கையகலக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டாள்: கருவி தொலைந்தது. தீவு முதுகுப்பையர்களுக்கு உகந்தது. இங்கே வருகிறவர்களை எடை குறைக்கச் சொல்ல வேண்டாம்.

பிலோமினா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பானையோடு பையை வைத்ததும் தராசு சரியாகப் பன்னிரண்டு காட்டியது.

படகு கிளம்பும்போது வடிவு திரும்பிப் பார்த்தாள். புதிதாக வந்து இறங்கியவர்களில் ஒரு ஒல்லியான பெண், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி தராசில் நின்றாள். கஸ்பார் தலையை ஆட்டிவிட்டு அலமாரிப் பக்கம் போனார். காற்றுமானியை எடுத்துவந்து, எண்பத்து மூன்று என்ற எண்ணோடு, அவள் பைக்குள் வைத்து இறுக்கிக் கட்டினார்.

அந்தப் பெண் செருப்பைப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்து, பாலத்தில் நடக்கத் தொடங்கினாள்.