வாய்க்கரிசி

கோட்டுப் பைக்குள் இருந்த அரிசி ஈரமாகியிருந்தது.

வெளியே மழை இல்லை. மிருணாளினி அந்தச் சின்னப் பொலித்தீன் பையைத் தூக்கிப் பார்த்தாள். முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே பச்சரிசி, யாரோ வாயில் வைத்திருந்து துப்பியதுபோல் எச்சில் மினுக்கத்துடன் ஒட்டிக்கிடந்தது.

குப்பைக் கூடையில் போட்டாள். கை கழுவினாள்.

அண்ணன் தவரத்தினத்தின் இறுதிச் சடங்கு போன சனிக்கிழமை நடந்தது. பிரேத அறைக்காரர்கள் அவர் உதடுகளை உட்புறம் நூலால் தைத்து மூடியிருந்தார்கள். அண்ணி கலாவதி வாய்க்கரிசியோடு வந்தாள். சுவரோரம் அவள் கற்பிக்கும் பல்கலைக்கழகத்திலிருந்து சக ஆசிரியை ஜெனவியேவும் மற்றப் பிரெஞ்சுக்காரர்களும் கறுப்பு உடையில் நின்றார்கள்.

"அண்ணி, இப்ப வேண்டாம். அவையள் பார்க்கினம்."

"பார்க்கட்டுமேன். உதுகளை மியூசியத்திலை காசு குடுத்துப் பார்க்கிற சனம்தானே."

"பிறகு நான் வைக்கிறன்."

கலாவதி பையை அவள் கையில் திணித்தாள். அவள் அதைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டாள். பெட்டியை மூடினார்கள்.

இன்று வகுப்பில் அவள் எகிப்தியர்களைப் பற்றிப் பேசினாள். இறந்தவன் மறுவுலகில் உண்ணவும் பேசவும் பூசாரி ஒரு கருவியால் அவன் வாயைத் தொட்டுத் திறந்துவைப்பான். கிரேக்கர்களோ படகுக்காரனுக்கென்று பிணத்தின் வாயில் நாணயம் வைத்தார்கள். சிசிலியா என்ற மாணவி, உங்கள் ஆட்களிடம் இப்படி ஏதும் உண்டா என்று கேட்டாள்.

இல்லை என்றாள்.

தொலைபேசி ஒலித்தது. கலாவதி.

"அரிசி வைச்சனீரெல்லே?"

"ஓம் அண்ணி."

"கனவிலை வந்தவர். சோறு போட்டன். வாய் திறக்கேல்லை. என்னையே பாத்துக்கொண்டு இருந்தார்."

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் கடந்த இரைச்சல் அடங்கியபோது, கீழ்க் கடையில் இடித்த மிளகாயின் நெடிக்குள்ளிருந்து வேறொரு வாடை பிரிந்தது. உணவகச் சமையலறையின் பழைய எண்ணெய் வாடை, அவளைப் படிக்கவைத்த காலமெல்லாம் அண்ணனின் ஜாக்கெட்டில் ஊறியிருந்த அதே வாடை, படிக்கட்டு வழியே ஏறிவந்து கதவின் அடியால் நுழைந்தது. அதன் பின்னால் காலடி, படிக்குப் படி நின்று. அந்த வாடைக்காகத்தான் அவர் பல்கலைக்கழக வாசலில் காத்திருக்கும்போது, "எதிர்ப்பக்கம் நில்லுங்கோ அண்ணை" என்பாள். அவர் சிரித்தபடி தெருவைக் கடப்பார்.

காலடி கதவுக்கு வெளியே நின்றது. மணி அடிக்கவில்லை.

குப்பைக் கூடையிலிருந்து பையை எடுத்தாள். கிழித்தாள். கைப்பிடி அரிசி. இம்முறை வைத்துவிட வேண்டும்.

கதவைத் திறந்தாள்.

அண்ணன் நின்றார். உதடுகள் இறுகியிருந்தன. அவள் கைக்கு எட்டும்படி முகத்தைத் தாழ்த்தினார்.

அவள் கை உயர்ந்தது.

படிக்கட்டில் விளக்கு எரிந்தது. மேல்மாடி மர்கரீத் கடைப் பையோடு ஏறிவந்தாள்.

"பொன்சுவார், மதாம்," என்று மாலை வணக்கம் சொன்னாள்.

மர்கரீத்தின் பார்வை அரிசி வழிந்த விரல்களில் நின்றது. மிருணாளினி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். புன்னகைத்தாள்.

"பர்தோன்," என்று மன்னிப்புக் கேட்டு மர்கரீத் சுவரோரம் ஒதுங்கி, அண்ணனைச் சுற்றிக்கொண்டு மேலே போனாள்.

மிருணாளினி கதவைச் சாத்தினாள்.

முகம் எரிந்தது. கதவில் நெற்றியை வைத்தாள். மன்னியுங்கோ அண்ணை என்று சொல்ல முயன்றாள்.

உதடு பிரியவில்லை.

நாக்கால் தடவினாள். நூல். ஒரு முடிச்சு.

அறைக்குள் எண்ணெய் வாடை.

சுவர்க் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. அடுப்புச் சூட்டில் தோல் உரிந்த கை. அவளுக்குத் தெரிந்த கை. மூடிய அவள் உதட்டில் அது அரிசி வைத்தது. அரிசி தரையில் கொட்டியது.

கை மறுபடி வைத்தது. பொறுமையாக.