சார்ஜ் இறங்காத கைபேசி

நாள் முழுக்கப் பேசியும் கைபேசியில் சார்ஜ் இறங்கவே இல்லை. காலையில் எப்படி நிறைந்திருந்ததோ, விளக்கு வைக்கிற நேரத்திலும் அப்படியே இருந்தது. வீட்டுத் தரகருக்குக் கசக்குமா? ஓர் அழைப்பைத் தவறவிட்டால் குடிவர வேண்டியவன் அடுத்த தரகரின் மடியில் போய் விழுவான் என்று, குளிக்கப் போனாலும் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்திலேயே அதை வைத்துக்கொள்கிறவர் அவர். பூட்டும் சாவியுமாக இரண்டு கைகளும் எப்போதும் நிறைந்திருக்கும். ஆகவே கழுத்தைச் சாய்த்து, காதுக்கும் இடது தோளுக்கும் நடுவில் கைபேசியை இடுக்கிக்கொண்டுதான் பேசுவார். பல வருடப் பழக்கத்தில் அந்தத் தோள் உயர்ந்தே நின்றுவிட்டது. தையற்காரர் அவருக்கு மட்டும் இரண்டு தோள்களையும் தனித்தனியாக அளப்பார்.

“மாமா, அது கரண்ட்ல ஓடலை. உங்க வாயிலேர்ந்து வர்ற காத்துல ஓடுது” என்றான் மச்சினன். “பக்கத்துல ஒரு விசிறியை வச்சா அதுவும் சுத்தும்.”

“கிண்டலா? இந்தா, சார்ஜரை நீயே எடுத்துட்டுப் போ. எனக்கு எதுக்கு?”

பெருமையில் தூக்கிக் கொடுத்தார். அவனும் வெளியூருக்குக் கொண்டுபோய்விட்டான்.

அதன்பின் இடுப்புவார் தளர்ந்தது. கைக்கடிகாரம் முழங்கைவரை இறங்கியது. நீளமாகப் பேசி முடித்தால் காது கொதிக்கும். பாதம் மட்டும் ஈரத்தரையில் நிற்பதுபோலச் சில்லென்றிருக்கும். “என்னங்க, நீங்க சட்டையைப் போட்ட மாதிரி இல்லை, சட்டைதான் உங்களைப் போட்டிருக்கு” என்று மனைவி இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்காரவைத்தாள்.

“போன் ரொம்பப் பேசுறதால உடம்புக்கு என்னென்ன ஆகும்னு இன்னும் யாரும் முடிவாச் சொல்லலை” என்றார் டாக்டர். “கழுத்து வலிக்கும், தூக்கம் கெடும். எதுக்கும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்.”

தரகர் பணிவாகத் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. தோள் தானாக உயர்ந்தது.

அன்று மாலை மூன்றாம் மாடியில் காலி வீடு ஒன்றைக் காட்டினார். பார்க்க வந்தவர்கள் போனபின், கைபேசியைச் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு ஜன்னல்களைச் சாத்தினார். புதுச் சுண்ணாம்பின் நெடியும் அடைபட்ட அறைகளின் புழுக்கமும் சூழ்ந்தன. எங்கோ மேல்மாடியில் நாற்காலி இழுபடும் கிறீச்சொலி அடங்கிய பிறகும், ஏதோ ஒன்று மட்டும் விடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. டுப். டுப். குழாயை முறுக்கினார். நிற்கவில்லை. குளியலறைக் குழாயையும் முறுக்கிப் பார்த்தார். சத்தம் மேடையிலிருந்து வந்தது. கைபேசிக்குள்ளிருந்து.

குனிந்து காதை வைத்தார். டுப். டுப். பயத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது, உள்ளிருந்த அந்தச் சத்தமும் வேகமெடுத்தது. கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார்.

அங்கே ஒன்றுமில்லை.

இந்தச் சனியனை விட்டுத் தொலைக்க வேண்டியதுதான். அதை உள்ளேயே போட்டு, கதவைப் பூட்டி, கைப்பிடிச் சுவரைத் தடவியபடி இறங்கினார். முதல் திருப்பத்தில் விரல்கள் மரத்தன. அடுத்ததில் முழங்கால் மடங்கியது. படியில் கன்னம் மோத விழுந்தவருக்கு, உலகம் கிணற்றுக்கு மேலே தெரியும் வட்டம்போலச் சுருங்கிக்கொண்டே போயிற்று.

கண் விழித்தபோது அந்தக் கட்டடத்துக் காவலாளியின் முகம். “உங்க வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்னா நம்பருக்கு எங்க சார் போறது? உங்க போனைக் காணோமே. சாவி கையில இருந்துச்சு, மேல போய் எடுத்துட்டு வந்தேன். பாக்கெட்ல போட்டதும் முழிச்சுட்டீங்க. நல்ல ராசியான போன் சார்.”

தரகருக்குப் புரிந்தது. விட்டால் சாவு. காதில் வைத்துப் பேசினாலும் கேட்டாலும் அது உயிரைக் குடிக்கும். காதில் வைக்காமல் பக்கத்தில் மட்டும் வைத்துக்கொண்டால் பிழைக்கலாம்.

சொல்ல வாய் திறந்தார். குரல் வரவில்லை.

வீட்டில் கட்டிலில் கிடத்தினார்கள். கைபேசியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். காதைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று விரலை ஆட்டினார். விரல் நடுங்கிற்றே தவிர ஆடவில்லை.

“போனை நெஞ்சுல வச்சுக்கிட்டுக் காதைக் காட்டுறீங்களே...” அவள் கண் கலங்கினாள். “பொண்ணுகிட்ட பேசணுமா?”

இல்லை என்று தலையசைக்கப் பார்த்தார். தலையணை தலையை விடவில்லை.

“இருங்க, கூப்பிடறேன்.” அவர் கைகளிலிருந்து கைபேசியை உருவினாள்.

வெளிநாட்டிலிருக்கும் மகள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். மனைவி விஷயத்தைச் சொல்லிவிட்டுக் கைபேசியை அவர் காதில் வைத்தாள். வெதுவெதுப்பு. உறிஞ்சல்.

“அப்பா? அம்மா சொன்னாங்க, பேச முடியலையாமே? நீங்க பேசவே வேணாம்ப்பா. நான் விடியற வரைக்கும் பேசறேன். நீங்க கேட்டுக்கிட்டே இருங்க.”

காலில் உணர்வு போயிற்று.

“போன் நழுவுது பாருங்க” என்று மனைவி ஒரு துண்டைக் கொண்டுவந்தாள். தாடையைச் சுற்றி, தலையைச் சுற்றி, கைபேசியைக் காதோடு சேர்த்துப் பதமாகக் கட்டினாள். இறுக்கம் சரியா என்று ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தாள். அவர் கண்ணால் கெஞ்சினார். அவள் அந்தக் கண்களைத் துடைத்துவிட்டாள்.

“அப்பாவும் பொண்ணும் பேசிக்கிட்டிருங்க. கஞ்சி வச்சு எடுத்துட்டு வர்றேன்.”

விளக்கை அணைத்தாள். கதவைச் சாத்தினாள்.

இடுப்பு இல்லை. கை இல்லை.

“நீங்க கேக்குறது எனக்குத் தெரியுதுப்பா” என்றாள் மகள், சந்தோஷமாக. “உங்க மூச்சு எவ்வளவு தெளிவாக் கேக்குது!”

அவர் நெஞ்சு ஏறவில்லை, இறங்கவில்லை. கன்னத்தை ஒட்டி, துண்டுக்குள், கைபேசியின் கண்ணாடி மெல்ல உப்பியது. அடங்கியது. மறுபடி உப்பியது.