ஜெயமலரின் பங்கு

ஞாயிறு காலை எட்டு மணிக்கு வரதராசாவின் வெள்ளை வான் சுவிஸில், எம்மன்புரூக்கேயில் எங்கள் கட்டடத்தின் முன்னால் வந்து நின்றது. வழக்கம்போல இரண்டு தரம் ஹோர்ன் அடித்தான். வழக்கம்போல மேல்மாடி ஜன்னல் ஒன்று திறந்து எவரோ ஜெர்மனில் முணுமுணுத்தார்கள். எல்லாமே வழக்கம்போல இருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவனுடைய மனைவி ஜெயமலர் ஊரில் செத்து ஒரு கிழமை ஆகியிருந்தது. அது எனக்குத் தெரியும். என் புருஷன் சிவநேசனுக்கும் தெரியும். வரதராசாவுக்குத் தெரியாது.

அந்தச் செய்தி வந்த ரெலிபோனை எடுத்தவளே நான்தான். எண்பத்தாறாம் ஆண்டு எங்கள் ஆட்களுக்குள் எங்கள் வீட்டில்தான் ரெலிபோன் இருந்தது. ஊரின் நல்லதும் கெட்டதும் எங்கள் காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். திங்கட்கிழமை பின்னேரம் கொழும்பிலிருந்து ஜெயமலரின் மாமா கதைத்தார். முதல் நாள், ஞாயிறு காலையில், யாழ்ப்பாணத்தில் வீட்டின் மேல் ஷெல் விழுந்ததாம். அவள் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றாளாம். தென்னோலைக் கிடுகுக் கூரை அப்படியே எரிந்துவிட்டதாம்.

நான் கோட்டை எடுத்து மாட்டினேன். சிவநேசன் கதவடியில் நின்றார்.

"எங்கை போறாய்?"

"வரதனிட்டை. மலர் செத்துப்போச்சுதாம்."

அவர் அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பொய் சொல்லக்கூடாது, ஒரு நிமிஷம் அவருடைய முகமும் செத்துத்தான் போயிற்று. அடுத்த நிமிஷம் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"ஞாயிற்றுக்கிழமை நொஷாட்டலிலை கலைவிழா. மனிசி செத்த துடக்குக்காரன் மேடையிலை ஏறேலாது. வேறை மிருதங்கத்துக்கு நான் எங்கை போறது? வானை ஆர் ஓடுறது?"

"மனிசி செத்துப்போனாள் எண்டுறன். நீங்கள் வான் கதை கதைக்கிறியள்."

"சொன்னாப்போலை அவன் ஊருக்குப் போகப்போறானோ? அகதியா வந்தவன், போனா திரும்பி வரேலாது. விழா முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லுறன்."

பக்குவமாம்! அந்த மனிதரைத் தள்ளிவிட்டு நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. கோட்டைக் கழற்றிக் கொழுவினேன். அந்தக் கிழமை முழுக்க வரதன் எங்கள் வீட்டுக்கு மூன்று தரம் வந்தான். மூன்று தரமும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருக்கும்.

மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் மூவரும் அவனுடைய வானில் ஊர் சுற்றுவோம். ரைன் நீர்வீழ்ச்சி, ஐன்சீடெல்ன் கறுப்பு மாதா கோயில், எங்காவது ஒரு மலை. போகுமிடமெல்லாம் வரதன் அவளுக்குத் தபாலட்டை வாங்கி எழுதுவான். 'நான் வந்து பார்க்கும் வரைக்கும் அந்த ஏரிகள் வற்றிவிடாதே?' என்று அவள் திருப்பி எழுதினாளாம். அதை அவன் எத்தனை தரம் சொல்லிச் சிரித்திருப்பான்!

அன்றைக்கு வானில் அவன் ஓட்ட, சிவநேசன் பக்கத்தில் இருந்தார். பின் சீட்டில் நான். எனக்குப் பக்கத்தில், உறை போட்ட மிருதங்கம். அதற்கப்பால் ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது.

வெளியே ஒரே பனிப்புகார். ஒக்டோபர் மாதத்தில் இந்த நாட்டில் காலையும் மத்தியானமும் ஒரே நிறந்தான். சிவநேசன் தான் பாடப்போகும் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்கு அவருடைய பிடரியில் ஓங்கிக் குத்த வேண்டும் போலிருந்தது.

செம்பாக் ஏரியைத் தாண்டும்போது புகார் கொஞ்சம் விலகித் தண்ணீர் தெரிந்தது. அப்போதுதான் அந்த வெற்றுச் சீட்டின் ஜன்னல் கண்ணாடியைக் கண்டேன். உள்பக்கமாக ஒரு கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. யாரோ கண்ணாடியோடு முகத்தை வைத்து மூச்சு விட்டாற்போல. படிந்தது மெல்ல மறைந்தது.

திரும்பவும் படிந்தது.

ஏரி மறைந்ததும் அதுவும் நின்றுவிட்டது.

ஹீட்டரின் வேலையாயிருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர நம்பவில்லை. வானுக்குள் எரிந்த கிடுகின் மணம் வந்தது. ஈரமும் புகையும் கலந்த அந்த மணம் சுவிஸ் நாட்டில் எங்கே இருக்கிறது? மிருதங்கம் உறைக்குள் தானாக ஒருதரம் 'தொம்' என்றது.

வரதன் நிமிர்ந்து, தலைக்கு மேலே பின் சீட்டைக் காட்டும் கண்ணாடியைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு கண்ணாடியை விரலால் சற்றுத் திருப்பி வைத்துக்கொண்டான்.

"ரோட்டைப் பாரடா," என்றார் சிவநேசன்.

"பாத்துத்தான் ஓடுறன் அண்ணை."

வழி நெடுக எங்களைச் சிரிக்க வைப்பவன், அதற்குப் பிறகு ஒரு பகிடியும் விடவில்லை.

நொஷாட்டலுக்குக் கொஞ்சம் முன்னால் மூன்று வீதிகள் சந்திக்கிற இடத்தில், ஏரிக்கரையோரம், கூரை போட்ட மேசை ஒன்று இருந்தது. அங்கே இறங்கிச் சாப்பிட்டோம். பிட்டும் கணவாய்க் கறியும் முட்டைப் பொரியலும். என்ன சமைக்கட்டும் என்று இரண்டு நாளுக்கு முன், வெள்ளிக்கிழமை, கேட்டபோது வரதன் சொன்ன சாப்பாடு அது. "மலருக்கு இதெண்டா உயிர் அக்கா. அவள் வரமுந்தி நீங்கள் ஒருக்காச் சமைச்சுப் பழகுங்கோ," என்று சிரித்தான். நானும் சமைத்தேன்.

மூன்று கடதாசித் தட்டுகளை வைத்தேன். வரதன் நான்காவது ஒன்றை எடுத்துத் தனக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இந்தத் தட்டுக்கும் போடுங்கோ அக்கா."

"ஆருக்கு?" என்றார் சிவநேசன்.

"மலருக்கு. அவளுக்குப் பிடிச்ச சாப்பாடுதானே."

நான் போட்டேன். பிட்டு, அதன் மேல் கறி, ஓரத்தில் பொரியல். போட்டுக்கொண்டே மனதுக்குள் நாள் எண்ணினேன். ஞாயிறு ஒன்று, திங்கள் இரண்டு, செவ்வாய் மூன்று. எண்ணி முடிந்தபோது அகப்பை கையிலிருந்து நழுவி விழுந்தது.

அன்றைக்கு எட்டாம் நாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்போம். எட்டுச் செலவு என்போம். செத்தவருடைய பங்கை எடுத்துப்போய் முச்சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் தன் வழியில் போய்விடுவார். வீட்டில் எவரும் அந்தப் பங்கில் கை வைப்பதில்லை. பசித்த பிள்ளைகூடத் தொடாது.

நான் ஒன்றும் தெரியாமல் எட்டுச் செலவு சமைத்திருக்கிறேன். பத்தடி தூரத்தில் முச்சந்தி. தாலி கட்டியவன் கையாலேயே தட்டு வைத்தாயிற்று.

ஏரிப்பக்கமிருந்து இரண்டு அன்னங்கள் வந்தன. மேசைக்குக் கிட்ட வந்தவை கழுத்தை நீட்டிச் சீறிவிட்டுத் திரும்பித் தண்ணீருக்குள் ஓடின.

வரதன் கை கழுவத் தண்ணீரடிக்குப் போனான். நான் அந்தத் தட்டைப் பார்த்தேன். குவித்து வைத்த பிட்டில் ஒரு பக்கம் மெதுவாகச் சரிந்தது. நான்கு விரல்கள் அளைந்த தடம், ஒன்றன்பின் ஒன்றாக, என் கண் முன்னாலேயே விழுந்தது.

"இஞ்சாருங்கோ," என்றேன். "அதைப் பாருங்கோ."

சிவநேசன் பார்த்தார். முகம் வெளிறியது.

"இதைக் கொண்டுபோய்ச் சந்தியிலை வைப்பம். இண்டைக்கு எட்டு. அவளுக்காவது நேர்மையா நடப்பம்."

"விசரே உனக்கு? வரதன் காணப்போறான். ஏனெண்டு கேட்டா என்ன சொல்லுவாய்?"

"உண்மையைச் சொல்லுவன்!"

"சத்தம் போடாதை."

அவன் திரும்பி வருவது தெரிந்தது. என் புருஷன் அப்போது செய்த காரியத்தை எந்த மனிதப் பிறவியும் செய்யாது. அந்தத் தட்டை இழுத்துத் தன் தட்டில் கவிழ்த்தார். கறியும் பிட்டும் ஒன்றாகக் குழைத்து, மாடு தின்பதுபோல நாலு வாயில் விழுங்கினார். வெறும் தட்டைக் கசக்கிக் குப்பைத் தொட்டியில் எறிந்தார்.

வரதன் வந்து மேசையைப் பார்த்தான். சிவநேசனின் வாயைப் பார்த்தான்.

"பசிச்சுப்போச்சுதடா," என்றார் இவர்.

"ஓம் அண்ணை," என்றான் அவன். "அவளுக்கும் பசிதான்."

விழா நடந்தது ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். ஷ்லீரனிலிருந்தும் பேர்ணிலிருந்தும் ரயில் பிடித்து வந்த சனம். புதுச் சேலைகள், கோட்டுக்குள் வேட்டி, மூலையில் வடையும் கோப்பியும். சிவநேசன் பட்டுச் சால்வையைப் போட்டுக்கொண்டு கை கூப்பிக் கை கூப்பித் திரிந்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. மேடைக்குப் பின்னால் போனேன். வரதன் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பித் தோலில் ரவைப்பசையை அப்பிக்கொண்டிருந்தான்.

"வரதா, நீ மேடை ஏறாதை. உனக்குத் துடக்கு. மலர்..."

"தெரியும் அக்கா."

அவன் நிமிரவில்லை.

"காலமை கண்ணாடியிலை கண்டன். உங்களுக்குப் பக்கத்திலை இருந்து ஏரி பாத்தவ. தலைமயிர் எல்லாம் எரிஞ்சு... ஒரு பக்கம்தான் முகம். அப்பவே விளங்கிட்டுது."

நான் அவன் பக்கத்தில் குந்தினேன். "பேந்து ஏன்ரா எங்களைக் கேக்கேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன். பேர்ண் தாண்டேக்கை சொல்லுவியள் எண்டு பாத்தன். சாப்பிடேக்கை சொல்லுவியள் எண்டு பாத்தன்." இப்போதுதான் என்னைப் பார்த்தான். "அவவும் அதைத்தான் பாத்துக்கொண்டிருந்தவ."

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். கன்னத்தில் அறைந்திருந்தால் இன்னும் நல்லது. அவன் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனான்.

சிவநேசன் மைக்கின் முன்னால் உட்கார்ந்து சபைக்கு வணக்கம் சொன்னார். கண்ணை மூடிப் பாட்டைத் தொடங்கினார். வரதன் கையை ஓங்கி அடித்தான்.

முதல் அடியிலேயே மண்டபம் நிமிர்ந்தது.

அது தாளமில்லை. பறை. எங்கள் ஊரில் பிணம் வாசல் படலையைத் தாண்டும்போது அடிக்கிற அடி. மிருதங்கத்தில் அதை யாரும் அடிக்கமாட்டார்கள், அடிக்கவும் கூடாது. அவன் அடித்தான். எட்டு நாள் அடிக்க வேண்டியதையெல்லாம் சேர்த்து அடித்தான். தோல் கிழிந்துவிடும் போலிருந்தது.

முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்தார்கள். யார் செத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த அடி கேட்டால் எங்கள் பெண்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். குனிந்து தலையோடு தலை முட்டி ஒப்பாரி வைத்தார்கள். நானும் போய் அந்த வட்டத்துக்குள் தலையைக் கொடுத்தேன். என் வலப்பக்கத் தோளில் ஒரு கை விழுந்தது.

என் வலப்பக்கத்தில் ஒருவரும் இல்லை.

கை கொதித்தது.

மேடையில் சிவநேசன் வாயைத் திறந்தபடி இருந்தார். பாட்டு வரவில்லை. ஏவறைதான் வந்தது, அடிவயிற்றிலிருந்து பெரிய ஏப்பம். மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்ட ஏவறை. அதோடு எரிந்த கிடுகின் மணம் முன்வரிசை வரைக்கும் அடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினார்.

வரதன் அடித்து முடித்தான். மிருதங்கத்தை உறைக்குள் வைத்துக் கட்டினான். வாசலில் நாங்கள் இருவரும் நின்ற இடத்துக்கு வந்தான்.

"நான் தனியப் போறன் அண்ணை. நீங்கள் ரயிலிலை வாங்கோ."

"வரதா, நான் பின்னேரம் சொல்லத்தான் இருந்தனான்..."

"அவ என்னோடை வரேல்லையாம்," என்றான் வரதன். "தன்ரை பங்கு ஆரின்ரை வயித்துக்கை இருக்கோ, அவரோடை வாறாவாம்."

அதற்குப் பிறகு அவன் எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. நான் அவனைக் குறை சொல்லமாட்டேன்.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகல், எங்கள் கட்டடத்தின் பராமரிப்பாளர் என்னைக் கீழே தபால் பெட்டியடியில் மறித்தார். சுவிஸ்காரக் கிழவர். கையில் ஒரு கொப்பி, சட்டைப்பையில் பென்சில்.

"உங்கள் வீட்டில் இப்போது மூன்று பேர்," என்றார். "ஒப்பந்தத்தில் இரண்டு பேர்தான். இருப்பவர்களின் பெயர் பெட்டியில் இருக்க வேண்டும். அதுதான் இங்கே ஒழுங்கு."

"மூன்றாவது ஆள் யார்?"

"அந்தப் பெண். உங்கள் கணவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே படியேறுகிறாளே. காலை வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்வதில்லை. முகத்தைத் துணியால் மூடிக்கொள்கிறாள்." பென்சிலை எடுத்து நுனியை நக்கினார். "பெயர் என்ன?"

அப்போது சிவநேசன் பேக்கரியிலிருந்து பாண் பையோடு வந்தார். மூன்று கிழமையில் பத்துக் கிலோ இறங்கியிருந்தார். கிழவர் கேட்டது அவருக்கும் விளங்கியது. வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினார்.

நான் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். கிழவர் ஒரு சீட்டில் அழகாக எழுதி, பெட்டியில் எங்கள் பெயர்களுக்குக் கீழே செருகிவிட்டுப் போனார்.

"ஏனடி சொன்னனீ?" சிவநேசனுக்கு அழுகை வந்துவிட்டது.

"எட்டாம் நாள் வரைக்கும் நீங்கள் சொல்லேல்லை," என்றேன். "அதுதான் நான் சொன்னன்."

அவர் பாண் பையோடு படியேறினார். நான் கீழே நின்று காது கொடுத்தேன்.

இரண்டு பேர் ஏறினார்கள்.